படத்தின் முடிச்சை முன்னோட்டத்திலேயே அவிழ்க்கலாமா?

கேள்வி கேட்டவர்: உப்புக்காற்று

வணக்கம். நான் படத்தொகுப்பாளர். ஏழு ஆண்டுகள் உதவியாளராக இருந்தபின் தனியாகத் தொகுக்கும் இரண்டாவது படம் இது. சிறிய முதலீடு, புதுமுகங்கள், தூத்துக்குடி உப்பளங்களில் 41 நாள் படப்பிடிப்பு. படத்தின் நீளம் 2 மணி 6 நிமிடம். உப்பு வாரும் ஒரு தாயும் அவள் மகளும்தான் கதை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் காணாமல் போன தகப்பன் 94ஆவது நிமிடத்தில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அந்த ஓர் இடத்துக்காகத்தான் அதற்கு முன்னால் உள்ள ஒன்றரை மணி நேரத்தையும் இயக்குநர் அவ்வளவு பொறுமையாகக் கட்டியிருக்கிறார்.

முன்னோட்டத்தையும் நானே வெட்டுகிறேன். தயாரிப்பாளர் இரண்டு விஷயங்கள் கேட்கிறார். தகப்பன் வாசலில் நிற்கும் காட்சி முன்னோட்டத்தின் கடைசியில் வர வேண்டும். படத்தில் இருக்கும் ஒரே சண்டையை, அது 40 விநாடிதான், துண்டு துண்டாக நறுக்கி முன்னோட்டம் முழுக்கத் தூவ வேண்டும். அவர் சொன்னபடியே ஒரு பதிப்பு வெட்டிப் பார்த்தேன். 2 நிமிடம் 20 விநாடி வந்தது. விறுவிறுப்பாகவே இருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதைப் பார்க்கிற எவரும் உப்பளத்தில் நடக்கும் பழிவாங்கல் கதை என்றுதான் நினைப்பார்கள்.

தயாரிப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் படம் எடுத்திருக்கிறார். அவர் வாதத்திலும் வலு இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வந்த ‘காஸ்ட் அவே’ படத்தை எடுத்துக்காட்டினார். ஆளில்லாத் தீவில் சிக்கியவன் ஊர் திரும்பிவிடுகிறான் என்பதை அதன் முன்னோட்டத்திலேயே காட்டிவிட்டார்கள். படம் உலகம் முழுவதும் 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. “என்ன நடக்கும் என்று தெரிந்தால் ஆள் வராது என்கிறாயே அம்மா, அப்படியானால் ராமாயணக் கூத்துக்குக் கூட்டமே வரக் கூடாதே” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் மனத்தில் இருப்பது 1960இல் ஹிட்ச்காக் தன் ‘சைக்கோ’வுக்குச் செய்த முன்னோட்டம். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். அவரே கதை நடக்கும் விடுதியையும் மேட்டு வீட்டையும் ஒரு வழிகாட்டியைப் போல நமக்குச் சுற்றிக் காட்டுவார். ஏதோ சொல்ல வருவார், பாதியில் நிறுத்திக்கொள்வார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்கியதும் ஒரு பெண் அலறுவாள். அவள்கூடப் படத்தில் அந்தக் காட்சியில் நடித்த ஜேனட் லீ இல்லை. பொய்முடி அணிந்த வேரா மைல்ஸ். படத்திலிருந்து ஒன்றையும் எடுத்துக் கொடுக்காமலே அவரால் ஊரை இழுக்க முடிந்தது. ஆனால் தொலைக்காட்சியில் வாராவாரம் வந்து பழகிய முகம் அவருடையது. எங்கள் இயக்குநரை யாருக்கும் தெரியாது.

விநியோகம், தியேட்டர், திரையிடல் ஆகியவற்றில் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத படத்தின் முன்னோட்டம் எவ்வளவு சொல்ல வேண்டும்? 40 விநாடிச் சண்டையைப் படத்தின் முகமாகக் காட்டுவது முறையா? வரும் வியாழக்கிழமைக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

பதில் 1: எம்ஆர் ஏரியா

மதுரை–ராமநாதபுரம் ஏரியாவில் பதினாறு ஆண்டுகளாக விநியோகம் செய்கிறேன். முறையா என்ற கேள்விக்கு மற்றவர்கள் சொல்லட்டும். வியாபாரத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் முன்னோட்டம் மக்களுக்காகத்தான் வெட்டப்படுகிறது என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு முன்னால் அதைப் பார்ப்பவர் தியேட்டர்காரர்.

சென்னை, செங்கல்பட்டு, வட–தென் ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி–தஞ்சாவூர், மதுரை–ராமநாதபுரம், திருநெல்வேலி–கன்னியாகுமரி என்று எந்த ஏரியாவாக இருந்தாலும் பெரிய நடிகரின் படத்துக்கு முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு யாரும் தியேட்டர் கொடுப்பதில்லை. அது நடிகரின் பெயரிலேயே முடிந்துவிடும். உங்களுடையதைப் போன்ற படத்துக்கு முன்பணமும் கிடையாது, உத்தரவாதத் தொகையும் கிடையாது. வசூலில் பங்குதான். ஆகவே தியேட்டர்காரர் முன்னோட்டத்தைப் பார்ப்பார். எப்படிப் பார்ப்பார் தெரியுமா? என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கைப்பேசியில், ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, தேநீர் ஆறுவதற்குள். அவர் மனத்தில் ஓடுவது ஒரே ஒரு கணக்கு. இதற்கு யார் வருவார்கள், எந்தக் காட்சியைக் கொடுக்கலாம்?

சண்டை தெறிக்கும் பதிப்பைக் காட்டினால் இரவு 10 மணிக் காட்சியைக் கொடுப்பார். அந்த நேரத்துக்கு வருவது இளைஞர்கள். அவர்கள் சண்டையை எதிர்பார்த்து வந்து, ஒரு தாய் உப்பு வாருவதைப் பார்த்துவிட்டு இடைவேளையில் வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். உங்கள் படத்தைக் கண்கலங்கிப் பார்க்கக்கூடிய பெண்கள் மதியம் 2.30 காட்சிக்கும் மாலை 6.30 காட்சிக்கும் வருகிறவர்கள். அந்தக் காட்சிகளைக் கேட்டு வாங்கித் தரும் முன்னோட்டம் வேண்டும். இதைத் தயாரிப்பாளரிடம் நேரடியாகச் சொல்லிப் பாருங்கள். காட்சி நேரம் என்பது அவருக்கு உடனே புரியும்.

தகப்பனைக் காட்டினால் பெரிய நட்டம் வந்துவிடாது என்பது என் எண்ணம். படம் வெளியாகும் வெள்ளிக்கிழமை இரவு எப்படியும் யாராவது இணையத்தில் அதை எழுதிவிடுவார்கள்.

பதில் 2: பழைய ஆபரேட்டர்

மகளே, உன் கேள்வியைப் பேரன் வாசித்துக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன்தான் தட்டச்சு செய்கிறான். தேனிப் பக்கம் ஒரு தியேட்டரில் 1979 முதல் 2011 வரை ஆபரேட்டராக இருந்தேன். உன் கேள்வியைக் கேட்டதும் எனக்குப் பேச நிறைய இருக்கிறது என்று தோன்றியது. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்.

எங்கள் காலத்தில் முன்னோட்டம் ஒரு சின்னத் தகர டப்பாவில் வரும். படம் வெளிவருவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே மதுரையிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். பஸ் நிலையத்தில் காத்திருந்து நடத்துநர் கையிலிருந்து பலமுறை நானே வாங்கி வந்திருக்கிறேன். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை நிமிட முன்னோட்டம் 225 அடி, ஒரு சிறு தோசை அளவுச் சுருள். அதை இடைவேளைக்குப் பிறகு ஓடும் முதல் ரீலின் தலையில் ஒட்டுவேன். ஓரத்தில் பூச்சைச் சுரண்டி, சிமென்ட் என்று நாங்கள் சொல்லும் ஃபிலிம் பசையைத் தடவி, அழுத்திப் பிடித்து முப்பது வரை எண்ண வேண்டும். டப்பா அடுத்த ஊருக்குப் போகும் நாளில் கழற்றும்போது தலையில் ஒரு கட்டம் (ஃபிரேம்), வாலில் ஒரு கட்டம் போய்விடும். பத்து ஊர் சுற்றி எங்களிடம் வருகிற முன்னோட்டத்தில் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் தேய்ந்து போயிருக்கும். படத்தின் பெயர் மின்னி மறைந்துவிடும். சுவரொட்டியைப் பார்த்துத்தான் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிரெய்லர் என்றால் பின்னால் வருவது என்று பொருள். அமெரிக்காவில் ஆரம்ப நாட்களில் படம் முடிந்த பிறகுதான் ஓட்டினார்களாம். சனங்கள் எழுந்து போய்விடுவதால் முன்னால் கொண்டுவந்தார்கள். எங்கள் முதலாளி அதற்கும் மேலே யோசித்தார். படத்துக்கு முன்னால் ஓட்டினால் பாதிப் பேர் இன்னும் டிக்கெட் வாங்கிக்கொண்டிருப்பார்கள். இடைவேளை மணி அடித்ததும் ஓட்டினால் முறுக்குப் பொட்டலத்தோடு எல்லாரும் ஓடிவந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பார்.

ஆபரேட்டர் அறைச் சுவரில் ஒரு புரொஜெக்டருக்கு இரண்டு சின்னச் சன்னல்கள் இருக்கும். ஒன்று ஒளி போவதற்கு, ஒன்று நாங்கள் பார்ப்பதற்கு. முன்னோட்டம் ஓடும்போது புரொஜெக்டர் விளக்கில் எரியும் கார்பன் குச்சிகளின் இடைவெளியைச் சரிசெய்துவிட்டு, நான் திரையைப் பார்க்க மாட்டேன். தலைகளைத்தான் பார்ப்பேன். விசில் பறக்கும் முன்னோட்டங்கள் உண்டு. முதல் சில ஆண்டுகள் அந்தப் படங்கள்தான் ஓடும் என்று நானும் நம்பினேன். பிறகு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்துவைக்கத் தொடங்கினேன். விசில் பறந்த படமெல்லாம் ஓடவில்லை என்று அதில் தெரிந்தது. முன்னோட்டம் முடிந்த அந்தச் சில விநாடி இருட்டில் ஒருவர் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தலையைத் திருப்பி ஏதோ சொல்வார். கணவன் மனைவியிடம், தாய் மகளிடம். என்ன சொல்கிறார்கள் என்பது எனக்குக் கேட்காது. ஆனால் அப்படித் திரும்பும் தலைகள் நிறைய இருந்தால் அந்தப் படம் எங்கள் ஊரில் இரண்டாவது வாரத்தைப் பார்க்கும். நடிகர் யாராக இருந்தாலும் சரி.

உன் சண்டைப் பதிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு கதை இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் ஒரு படம் வந்தது. பெயர் வேண்டாம், எடுத்தவர்கள் நொந்துபோனவர்கள். முன்னோட்டம் முழுக்க நகைச்சுவை. கொட்டகையே குலுங்கியது. படத்தில் நகைச்சுவை பதினைந்து நிமிடம்கூட இருக்காது. மீதியெல்லாம் கணவனை இழந்த ஒரு பெண்ணின் துயரம். வெள்ளிக்கிழமை நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஞாயிறு மாலையில் பாதி நிரம்பவில்லை. அந்த மாலைக் காட்சி இடைவேளையில் ஒருவர் மேனேஜர் அறை வாசலில் நின்றார். கோபப்படவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. “அப்பா காரியம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அம்மா கொஞ்சம் சிரிக்கட்டும் என்று அழைத்து வந்தேன். எங்களை வெளியே விடுங்கள்” என்றார். அந்த அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை மேலே படிக்கட்டிலிருந்து பார்த்தேன். இன்றும் மறக்கவில்லை.

அது நல்ல படம் மகளே. நான் பன்னிரண்டு காட்சி ஓட்டினேன், ஒவ்வொரு காட்சியிலும் ஏதாவது ஓரிடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். அழுவதற்கென்றே மனத்தைத் தயார் செய்துகொண்டு வருகிற கூட்டம் எங்கள் ஊரில் இருந்தது. அவர்களுக்கு அது அழுகைப் படம் என்று யாரும் சொல்லவில்லை. சிரிக்க வந்தவர்கள் அதைத் திட்டிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை பெட்டி கட்டினோம். அந்தப் படத்தைத் தோற்கடித்தது அதன் முன்னோட்டம்தான் என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

உன் முதலாளி கேட்ட ராமாயணக் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி. ஆனால் கூத்துக்கு வருகிறவர்களுக்கு ராமனைப் பிறந்ததிலிருந்து தெரியும், சீதையைத் தெரியும். அவர்களுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தும் வருவது அந்த உறவினால். உன் உப்பளத்துத் தாயை இன்னும் யாருக்கும் தெரியாது. அவளைத் தெரியாதவனுக்கு அவள் புருஷன் திரும்பி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? முதலில் அவளைக் காட்டு. அவள் கையைக் காட்டு. உப்பு அறுத்த பாதத்தைக் காட்டு. நீ சொன்ன அந்தத் தீவுப் படத்தில் நடித்தவரை உலகத்துக்கே தெரியும், அவர் பிழைத்து வருவார் என்று சொன்னாலும் பார்க்க வருவார்கள். உன்னிடம் அந்த வசதி இல்லை.

கடைசியில் என்ன வைப்பது என்று கேட்டால், வாசல் கதவைத் திறக்கும்போது அவள் முகம் எப்படி மாறுகிறது என்பதை வை. வெளியே நிற்பவனைக் காட்டாதே. இருட்டில் தலைகள் திரும்பும்.

பதில் 3: நுகர்வோர் பக்கம்

ஐயா எழுதியதைப் படித்தபின் சட்டம் பேசுவது சற்றுச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் ‘முறையா’ என்று கேட்டிருப்பதால் இதைச் சொல்ல வேண்டும்.

2016இல் வந்த ‘ஃபேன்’ என்ற இந்திப் படத்தின் விளம்பரங்களில் ஒரு பாடல் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது. பிள்ளைகளுக்கு அந்தப் பாடல் பிடித்துப்போனதால் ஔரங்காபாத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியை குடும்பத்தோடு படத்துக்குப் போனார். படத்தில் அந்தப் பாடலே இல்லை. அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மாவட்ட மன்றம் ஏற்கவில்லை. மாநில ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் வழக்குச் செலவும் கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையமும் அதை உறுதி செய்தது. தயாரிப்பு நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2024 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. முன்னோட்டம் என்பது டிக்கெட் வாங்கத் தூண்டும் ஒருதரப்பு முயற்சி, அது ஒப்பந்தத்துக்கான முன்மொழிவு ஆகாது, டிக்கெட் வாங்கியவருக்கு அளிக்கப்படும் சேவை படத்தைப் பார்க்கச் செய்வதுதான் என்பது தீர்ப்பின் சாரம்.

அமெரிக்காவில் ‘யெஸ்டர்டே’ படத்தின் முன்னோட்டத்தில் வந்த நடிகை படத்தில் இல்லை என்று இருவர் வழக்குப் போட்டார்கள். முன்னோட்டமும் வணிக விளம்பரம்தான், அது பொய் விளம்பரச் சட்டங்களுக்கு உட்பட்டது என்று 2022 டிசம்பரில் கலிபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி சொன்னார். ஒரே கேள்விக்கு இரண்டு நாடுகளில் இரண்டு விதமான பார்வை.

உங்கள் தயாரிப்பாளரின் பதிப்பில் இருக்கும் சண்டை படத்திலும் இருக்கிறது. அதனால் இங்கே யாரும் உங்களை நீதிமன்றத்துக்கு இழுக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஆசிரியையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரு பாட்டுக்காக ஒரு குடும்பம் கிளம்பி வந்தது. வழக்கில் தோற்றாலும் அவர்கள் கேட்டது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மீண்டும் கேள்வி கேட்டவர்: உப்புக்காற்று

எல்லாருக்கும் நன்றி. ஆபரேட்டர் ஐயாவின் பதிலை அச்செடுத்துத் தொகுப்பு அறையில் ஒட்டியிருக்கிறேன். அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாளைப் பற்றிப் படித்தபோது இயக்குநர் எழுந்து வெளியே போய்விட்டார். சற்று நேரம் கழித்துத்தான் வந்தார்.

செவ்வாய் இரவு புதிதாக வெட்டினேன். 1 நிமிடம் 47 விநாடி. முதல் 20 விநாடி இசை கிடையாது. பாத்தியில் உப்பு வாரும் ஒலி மட்டும். அதிகாலை மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தாய் வேலை செய்கிறாள், மகள் உப்புக் குவியலின் மேல் உட்கார்ந்து பள்ளிக் கணக்குப் போடுகிறாள். பிறகு வசனம் நான்கே வரி. ஐயா சொன்ன பாதத்தைப் படத்தில் ஒரே ஒரு முறை காட்டியிருக்கிறோம், மகள் தாயின் காலுக்கு எண்ணெய் தடவும் இடம். அதை அப்படியே எடுத்தேன். கடைசியில் கதவு, அவள் முகம். கதவுக்கு வெளியே நிற்பவனின் நிழல்கூட விழாதபடி பதினெட்டுக் கட்டங்கள் முன்னதாக வெட்டினேன்.

தயாரிப்பாளர் மூன்று முறை பார்த்தார். முதல் முறை முடிந்ததும் ஒன்றும் பேசவில்லை. விநியோகஸ்தர் அண்ணன் எழுதிய மதியக் காட்சிக் கணக்கைப் படித்துக் காட்டினேன். யோசித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறை, “என் மனைவியும் அக்காவும் இந்தப் படத்துக்கு மதியம்தான் வருவார்கள்” என்று அவராகவே சொன்னார். சண்டையிலிருந்து கொஞ்சமாவது வேண்டும் என்று கேட்டார். 4 விநாடி கொடுத்தேன். அது படத்தில் இருப்பதுதான், அந்த அளவுக்கு இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

அண்ணனின் கடைசி வரி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. வெள்ளி இரவு யாராவது எழுதிவிடுவார்கள் என்பது உண்மைதான். அப்படி எழுதுவது அவர்கள் விருப்பம். எங்கள் கையால் நாங்களே அதைச் செய்ய வேண்டாம் என்று இயக்குநரும் நானும் முடிவு செய்தோம்.

தியேட்டரில் ஓட்டுவதற்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், அதற்கு இன்று விண்ணப்பித்துவிட்டோம். யூடியூபில் வெள்ளிக்கிழமை மாலை வருகிறது.

பழைய ஆபரேட்டர்

மகளே, பேரன் கைப்பேசியில் காட்டினால் போதாது. எனக்குக் கொட்டகையில் பார்க்க வேண்டும். தேனியிலோ ஆண்டிபட்டியிலோ எந்தத் தியேட்டரில், எந்தப் படத்தோடு ஓட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் எழுது. கடைசி வரிசையில் டிக்கெட் எடுத்து உட்காருகிறேன்.

உப்புக்காற்று

கட்டாயம் எழுதுகிறேன் ஐயா. இப்போது டப்பாவும் இல்லை, ஒட்டும் இல்லை, சர்வரில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் படத்தின் பெயர் உங்கள் ஊரில் முழுசாகத் தெரியும். நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம். தலைகள் திரும்பினவா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.